பழைய மோட்டார் வண்டியின் தொடக்கத் தடை: எரிபொருட் குறைகளை ஆராயும் முறை

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 என்னும் இருவகை மோட்டார் வண்டிகளும் எமது நாட்டவர்க்குப் புதியன அல்ல. மைனர் 1948 ஆம் ஆண்டிலும், ஏ 40 வரிசையின் டெவன் 1947 ஆம் ஆண்டிலும், சொமர்செற் 1952 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்திலே வெளிவந்தன. அவை செய்யப்பட்ட தொழிற்சாலைகளில் அவ்வேலை நின்று நெடுங்காலமாகியும், யாழ்ப்பாணத்து வீதிகளில் அவற்றுட் சில இன்றும் ஓடக் காண்கின்றோம். கலியாண வீட்டிற்கு மாப்பிள்ளையைக் கொண்டுசென்றதும், நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், பல குடும்பங்களுக்கு வாடகை வருவாயாற் சோறிட்டதும் இவ்வண்டிகளே. இத்தகைய வண்டி வேண்டிய வேளையிற் புறப்படாது நின்றுவிடின் அதனால் வரும் இடர் சிறிதன்று.

வண்டி புறப்பட மறுக்கும்போது நம்மவர் பெரும்பாலும் செய்வது யாது? ஸ்ராட்டரை விடாது இயக்கிப் பற்றரியை வற்றச்செய்வர்; பின்னர் காபுரேற்றரைக் கழற்றுவர்; அதன் பின்னர் நல்ல நிலையிலிருந்த உறுப்பொன்றைக் காசு கொடுத்து மாற்றுவர். நோயை அறியுமுன் மருந்து கொடுக்கும் இம்முறையாற் பொருளும் பொழுதும் வீணாவதோடு, மீண்டும் கிடைத்தற்கரிய பழைய உறுப்புக்களும் கெடுகின்றன. ஆதலின், எரிபொருளால் உண்டாகும் தொடக்கத் தடையைப் படிப்படியாக ஆராயும் முறையை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம். பௌதிகமும் இரசாயனமும் கற்கும் மாணவர்க்கு இது வகுப்பிற் கற்றவற்றிற்கு ஒரு செய்முறைப் பயிற்சியாகவும், வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு ஒரு கைந்நூலாகவும் அமையும் என்பது எமது நம்பிக்கை.

1. எரிவது ஆவியே

பெற்றோல் திரவமாக இருக்கும்வரை எரிவதில்லை. அதன் ஆவி வளியுடன் தக்க அளவிற் கலந்தபோதே தீப்பொறி பட்டு எரிகின்றது. ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முற்றாக எரிதற்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு நிறையுள்ள வளி வேண்டும். இவ்வளவிலிருந்து கலவை ஓரளவு விலகினும் எஞ்சின் ஓடும். எட்டுப் பங்கு வளிக்குக் குறைந்தாலும், இருபது பங்கிற்குக் கூடினாலும் அது தீப்பற்றுதல் அரிது. முன்னையதைச் செறிந்த கலவை என்றும், பின்னையதை ஐதான கலவை என்றும் கூறுவர்.

பெற்றோல் தனியொரு பொருளன்று. பல ஐதரோக்காபன்களின் கலவை. அவற்றுள் இலகுவானவை ஏறத்தாழ 35 அல்லது 40 பாகை சதமளவையிற் கொதிக்கத் தொடங்கும். பாரமானவை 200 பாகையளவிலேயே கொதிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இலகுவான பகுதி மட்டுமே ஆவியாகின்றது. எஞ்சியது குழாயின் சுவரிலும் உருளையின் சுவரிலும் ஈரமாகப் படிந்துவிடுகின்றது. ஆகவே, குளிர்ந்த எஞ்சினுக்கு வழக்கத்தினும் மிகுந்த பெற்றோலை ஊட்டினாலன்றிப் போதிய ஆவி கிடையாது. சோக் என்னும் உறுப்பு செய்யும் தொழில் இதுவே. எஞ்சின் சூடேறிய பின் அதே மிகையான பெற்றோல் கேடாகின்றது. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. முதலில் விலக்க வேண்டியவை

எரிபொருளைக் குறைகூறுமுன், குறை வேறிடத்தில் இல்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். எஞ்சின் புறப்படுதற்கு எரிபொருள், தீப்பொறி, உருளையினுள் அமுக்கம் என்னும் மூன்றும் இன்றியமையாதன. பெற்றோற் குழாய் எதனையும் கழற்றுமுன்னரே தீப்பொறியைச் சோதித்தல் நன்று. பெற்றோல் சிந்திய இடத்திலே பொறியை உண்டாக்குதல் பேராபத்து. பிளக்கு ஒன்றைக் கழற்றி, அதன் கம்பியுடன் எஞ்சினின் உலோகத்தைத் தொடும்படி வைத்துச் சுழற்றினால் நீலநிறமான வலிய பொறி தோன்ற வேண்டும்.

இப்பழைய வண்டிகளுக்குக் கையாற் சுழற்றும் கைபிடி உண்டு. ஸ்ராட்டராற் புறப்படாத எஞ்சின் கைபிடியாற் புறப்படுமாயின், பெற்றோலிற் குறையில்லை என்று பெரும்பாலும் துணியலாம். வலுக்குன்றிய பற்றரியின் மின்னை ஸ்ராட்டர் முழுவதும் இழுத்துக்கொள்ளப் பொறி மெலிந்துபோவதே அங்கே காரணம். காசு செலவில்லாத சோதனை இது.

அடுத்து, தடை எப்போது தோன்றுகின்றது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். காலையிலே குளிர்ந்த நிலையில் மட்டுமா? ஓடிச் சூடேறி நிறுத்திப் பத்து நிமிடம் சென்றபின்னா? பல கிழமைகள் ஓடாது நின்றபின்னா? நாடி பார்க்கும் வைத்தியர் நோயாளியை முதலில் வினாவுதல் போல, இவ்வினாக்களுக்குரிய விடையே பாதி வேலையை முடித்துவிடும்.

3. பிளக்கு உலர்ந்ததா, நனைந்ததா?

சோக்கை இழுத்துச் சில முறை சுழற்றியபின் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க. அவை உலர்ந்து மணமின்றி இருப்பின் பெற்றோல் உருளையை அடையவில்லை. நனைந்து பெற்றோல் மணம் வீசின் அது மிகுதியாக வந்துள்ளது, அல்லது வந்தும் பற்றவில்லை. இவ்விரண்டுக்கும் மருத்துவம் நேர்மாறானது. உலர்ந்த எஞ்சினுக்குச் சோக் வேண்டும். நனைந்த எஞ்சினுக்குச் சோக் நஞ்சு.

உலர்ந்திருப்பின் இன்னொரு சோதனையால் அதனை உறுதிசெய்யலாம். வளிவடிகட்டியைக் கழற்றிக் காபுரேற்றரின் வாயில் அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாத பெற்றோலை விட்டு, போத்தலை மூடி அப்பால் வைத்து, வடிகட்டியை மீண்டும் பூட்டியபின் எஞ்சினைச் சுழற்றுக. அது இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிட்டால் பொறியும் அமுக்கமும் செம்மையாயுள்ளன. எரிபொருள் வந்துசேராமையே குறை என்று ஐயமின்றிக் கொள்ளலாம். சிறிதும் வெடிக்காவிடின் பொறியின் பக்கமே மீளவேண்டும். எஞ்சின் சுழலும்போது பெற்றோலை ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது; பின்வெடிப்பினால் தீ மேலெழுந்து கையையும் முகத்தையும் சுடும்.

4. தாங்கியிலிருந்து மிதவைக் கிண்ணம்வரை

எரிபொருள் வராமை துணியப்பட்டபின், அது எவ்விடத்தில் நின்றது என்று காணவேண்டும். வழி நெடுகிலும் ஆராய்வதிலும் நடுவிலே தொடங்குவது விரைவு. காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்திற்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடிப் போத்தலுள் விட்டுப் பம்பியை இயக்குக. பெற்றோல் வலிய துடிப்புக்களாகப் பாயுமாயின் தாங்கியும் குழாயும் பம்பியும் குற்றமற்றன, காபுரேற்றரையே பார்க்கவேண்டும். பாயாவிடின் குறை பின்னேயுள்ளது.

மைனரின் பம்பி மின்னால் இயங்குவது. எஸ்.யூ. என்னும் அப்பம்பியில் ஒரு மின்காந்தம் மென்றகடு ஒன்றை இழுக்க, வில்லொன்று அதனைத் திருப்பித் தள்ளுகின்றது. அது எழுப்பும் ‘ரிக் ரிக்’ என்னும் ஓசையே அதன் நாடித்துடிப்பு. சாவியைத் திருப்பியதும் பம்பி சில விநாடி விரைந்து அடித்து, மெதுவாகி, மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஓய்தல் இயல்பு. ஓயாமல் விரைந்து அடிப்பின் தாங்கி வெறுமை. அல்லது பம்பிக்கும் தாங்கிக்கும் இடையே குழாய் வளியை உறிஞ்சுகின்றது. எஞ்சின் ஓடாதபோதும் இடையிடையே ஒவ்வொன்றாக அடிப்பின் ஊசிவால்வு கசிகின்றது, அல்லது பம்பியின் வால்வு வழியே பெற்றோல் பின்னே வடிகின்றது. சற்றும் அடியாவிடின் மின்றொடுகைகள் கருகியோ அழுக்கடைந்தோ இருக்கும். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்ட அது அடிக்கத் தொடங்குமாயின் குறை அங்கேயே உளதென்க. தட்டுதல் வீடுவந்து சேர்தற்கு உதவும். தொடுகைகளைத் துப்புரவாக்குதலே தீர்வாகும்.

ஏ 40 இன் பம்பி எஞ்சினாலேயே இயக்கப்படுவது. எஞ்சின் சுழன்றாலன்றி அது பெற்றோலை இழுக்காது. அதன் வால்வுகள் தேய்ந்திருப்பின் இரவு முழுவதும் பெற்றோல் தாங்கிக்கே வடிந்துவிடும். மிதவைக் கிண்ணமும் வெப்பத்தால் வற்றியிருப்பின் காலையில் நெடுநேரம் சுழற்றினாலன்றிப் புறப்படாது. ஒருமுறை புறப்பட்டால் அன்று முழுதும் தொல்லை தராது. இது இவ்வகைப் பம்பிக்கே உரிய குறி. சில பம்பிகளிற் கையால் அடித்தற்கு ஒரு சிறு நெம்பு உண்டு. அதனை முதலில் அடித்துக் கிண்ணத்தை நிரப்பியபின் எஞ்சின் உடனே புறப்படுமாயின் நோய் இன்னதென வெளிப்பட்டது. பம்பியின் மென்றகடு கிழிந்திருப்பின் பெற்றோல் எஞ்சின் எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய்க்கோலில் பெற்றோல் மணம் வீசினால் எண்ணெயை மாற்றாது வண்டியை ஓட்டல் ஆகாது.

பம்பிக்குப் பின்னே பார்க்க வேண்டியன சில. முதலாவது, தாங்கியின் வளித்துளை. பெற்றோல் வெளியேறிய இடத்தை வளி நிரப்பாவிடின் தாங்கியுள் அமுக்கம் குறைந்து பம்பி தோற்றுவிடும். மூடியைத் திறக்கும்போது சீறும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி புறப்படுமாயின் துளை அடைபட்டுள்ளது. இரண்டாவது, சல்லடைகள். எஸ்.யூ. பம்பியின் அடியிலும், பழைய காபுரேற்றர்களின் மிதவைக் கிண்ண மூடியிலும் சிறு கம்பிவலைகள் உண்டு. தாங்கியின் துருவெல்லாம் அங்கேயே வந்து தங்கும். மூன்றாவது, இறப்பர்க் குழாய்கள். வெளியே நல்லனவாகத் தோன்றும் குழாய் உள்ளே வீங்கி வழியை அடைத்திருத்தல் உண்டு.

5. எஸ்.யூ. காபுரேற்றர்

எஸ்.யூ. என்பது ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்னும் பெயரின் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர் உருவாக்கிய இக்காபுரேற்றரின் அமைப்பு வியத்தற்குரியது. எஞ்சின் வேண்டும் வளிக்கேற்ப ஒரு முசலம் தானே எழுந்து தாழ்கின்றது. அதனுடன் இணைந்த கூம்பிய ஊசி, தாரையின் துளையைத் திறந்தும் ஒடுக்கியும் பெற்றோலை அளக்கின்றது. சோக்கை இழுக்குங்கால் வளி தடைப்படுவதில்லை. தாரையே கீழிறங்கி, ஊசியின் மெலிந்த பகுதி எதிர்ப்பட, பெற்றோல் மிகுகின்றது.

இதிற் சோதிக்க வேண்டியன மூன்று. வளிவடிகட்டியைக் கழற்றி முசலத்தை விரலால் உயர்த்தி விடுக. அது தடையின்றி வீழ்ந்து அடியில் மெல்லிய உலோக ஓசை எழுப்ப வேண்டும். இடையிலே தங்கினால் துப்புரவு செய்க. முசலத்தையோ அது இயங்கும் அறையையோ அரத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. அடுத்து, ஒருவர் சோக்கை இழுக்க மற்றவர் கீழே பார்க்க வேண்டும். தாரை இறங்காவிடின் காலையிற் புறப்படாது. இறங்கி மீண்டும் ஏறாவிடின் சூடேறியபின் மூச்சுத்திணறும். மூன்றாவது, கசிவு. பழைய எச் வகையிலே தாரையைச் சுற்றியுள்ள கார்க்கு அடைப்புக்கள், வண்டி நெடுநாள் நின்றால் உலர்ந்து சுருங்கிக் கசியும். பிற்பட்ட எச்.எஸ். வகையில் நைலோன் குழாயின் இணைப்பைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. புறப்படுமுன் மிதிகோலைப் பலமுறை மிதிப்பது பலரது வழக்கம். முடுக்கற்பம்பி உள்ள காபுரேற்றரில் அது பெற்றோலைப் பாய்ச்சும், மைனரின் எஸ்.யூ. வகையில் அத்தகைய பம்பி இல்லை. அங்கே மிதிப்பது காலுக்குப் பயிற்சியாவதன்றி வேறு பயன் தருவதில்லை.

6. நண்பகல் வெப்பத்திற் புறப்படாமை

வெப்பநாட்டில் வாழும் நமக்கு இதுவே பெருந்தொல்லை. ஓடும்போது விசிறியின் காற்று எஞ்சினறையைக் குளிர்விக்கின்றது. நிறுத்தியதும் காற்று ஓய, எஞ்சினின் வெப்பம் பம்பிக்கும் குழாய்க்கும் காபுரேற்றருக்கும் பரவுகின்றது. அப்போது இருவேறு விளைவுகள் உண்டாகலாம். பம்பிக்கு வரும் குழாயிற் பெற்றோல் ஆவியாகிக் குமிழியாகத் தங்கின் பம்பி வீணே அடிக்கும், பெற்றோல் வாராது. இது ஆவித்தடை, பிளக்கு உலர்ந்திருக்கும். மிதவைக் கிண்ணத்திற் பெற்றோல் கொதித்து எஞ்சினுள் வழியுமாயின் கலவை மிகச் செறிந்துவிடும், பிளக்கு நனைந்திருக்கும்.

முன்னையதற்குப் பொனற்றைத் திறந்து ஆறவிட்டு, பம்பியின் உலோக உடல்மீதும் குழாய்மீதும் ஈரத்துணி சுற்றுதல் தக்கது. மின் முனைகளில் நீர் படாது காக்க. பின்னையதற்குச் சோக்கைத் தொடாது, மிதிகோலை முழுதும் அழுத்தி ஒரே நிலையிற் பிடித்துக்கொண்டு சுழற்றுக. வளி மிகுந்து புகுந்து ஈரத்தை வெளியேற்றும். மீண்டும் மீண்டும் இது நிகழின் குழாய் எஞ்சினை ஒட்டிச் செல்கின்றதா என்றும், காபுரேற்றரின் வெப்பத்தடுப்பு உள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

7. கெட்ட பெற்றோல்

உறுப்புக்கள் யாவும் நல்லனவாயிருந்தும் எரிபொருளே தீயதாயிருத்தல் உண்டு. வளித்துளையுள்ள தாங்கியிற் சில மாதங்கள் தங்கிய பெற்றோல் தனது இலகுவான பகுதியை இழந்துவிடுகின்றது. குளிர்ந்த எஞ்சினைப் புறப்படச்செய்வது அப்பகுதியே என்பதை முன்னர்க் கண்டோம். எஞ்சியது வாணிசு மணம் வீசித் தாரையிற் பசைபோலப் படியும். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருளுக்கு நெடுவரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் ஓடாது நின்றன. அவ்வாறு நின்ற வண்டிக்கு முதன் மருந்து, பழைய பெற்றோலை வடித்துப் புதியதை விடுதலே.

வடித்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் அசையாது வைத்தால், நீர் கலந்திருப்பின் அடியிலே தனிப்படையாகத் தோன்றும். மண்ணெண்ணெய் கலந்துள்ளதா என்று அறிய வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுக. தூய பெற்றோல் விரைவில் உலர்ந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க்கறையாக நெடுநேரம் நிற்கும்.

இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவர் ஒன்றைக் கருத வேண்டும். 2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் பத்து வீதம்வரை எதனோல் கலந்த பெற்றோலே அங்கு பொது வழக்காயிற்று. எதனோல் ஈரத்தை உறிஞ்சும். பழைய இறப்பர் உறுப்புக்களைக் கெடுக்கும். எதனோலைத் தாங்கும் குழாய்களையும் மென்றகடுகளையும் இட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை.

8. மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்த பாடம்

1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் வடக்கிற்கு வருதல் நின்றது. அக்காலத்தில் மண்ணெண்ணெயிலேயே வண்டிகள் ஓடின என்பதை மூத்தோர் அறிவர், இளையோர் கேள்விப்பட்டிருப்பர். போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர்.

இது மந்திரமன்று, முதற் பகுதியிற் கூறிய விதியே. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேயே கொதிக்கத் தொடங்கும். 38 பாகைக்குக் குறைந்த வெப்பநிலையில் அது தீப்பற்றத்தக்க அளவு ஆவியை வெளிவிடுவதில்லை. ஆதலாற் குளிர்ந்த எஞ்சினில் அது வெறும் ஈரமே. பெற்றோற் துளிகளால் எழுந்த எஞ்சின் சூடேறிய பின்னரே அதன் வெப்பத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகின்றது. இங்கிலாந்தின் பெர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலாற் புறப்பட்டு, பின் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயால் ஓடுமாறு முன்னரே செய்யப்பட்டிருந்தது. அங்கே பொறியியலாளர் வரைந்து செய்ததை இங்கே நம்மூர்ச் சாரதிகளும் கராச் தொழிலாளரும் இடர்க்காலத்தில் ஒரு போத்தல் கொண்டு செய்துமுடித்தனர். அதற்கு எஞ்சின் விலைகொடுத்தது: எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச்செய்தது, கரி படிந்தது, எஞ்சின் இடித்தது. ஆயினும் நோயாளிகள் வைத்தியசாலை சேர்ந்தனர். அப்போத்தற் துளிகளும், மூன்றாம் பகுதியில் நாம் கூறிய சோதனையும் ஒரே உண்மையின் இரு பயன்களே.

9. எச்சரிக்கை

பெற்றோல் ஆவி வளியினும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள சுடரையும் சென்றுபற்றும். ஆதலால் மூடிய அறையில் இவ்வேலையைச் செய்தல் கூடாது. அருகே புகைத்தல் ஆகாது. குழாயைக் கழற்றுமுன் பற்றரியின் தொடுப்பை நீக்குக. பம்பியைச் சோதித்தற்காக மீண்டும் இணைக்குமுன், சிந்தியதைத் துடைத்து உலரவிடுக. போத்தலை மூடியே வைக்க. மணல்வாளி ஒன்றோ தீயணைகருவி ஒன்றோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயால் உறிஞ்சிப் பெற்றோலை இழுத்தல் உயிருக்கே கேடு.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துக் கூறின்: பொறியை முதலில் விலக்குக, தடை தோன்றும் வேளையை வினாவுக, பிளக்கின் ஈரத்தைக் காண்க, வழியை நடுவிலே பிரித்துக் குறை எப்பக்கம் என்று துணிக, எரிபொருளின் தூய்மையையும் ஐயுறுக. ஒருமுறையில் ஒன்றையே மாற்றி, அதன் விளைவைக் கண்டபின்னரே அடுத்ததைத் தொடுக. இவ்வொழுங்கிற்கு வேண்டிய கருவிகள் ஒரு ஸ்பனர், ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு துண்டு வெள்ளைத்தாள் ஆகியவையே. அவற்றோடு பொறுமையும் சேருமாயின், எழுபது ஆண்டு கண்ட வண்டியும் விடியற்காலையில் முதற் சுழற்சியிலேயே எழுந்து புறப்படும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் நம் மாணவர் சிலரை ஒரு விடுமுறை நாளிலே அழைத்து, இச்சோதனைகளைக் கண்ணெதிரே செய்துகாட்டுவார்களாயின் அது கல்லூரிக்குச் செய்யும் நற்பணியாகும்.